மூன்றாம் தலைமுறையைத் தாண்டும் சொத்து: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் கெட்டவனும் இல்லை’ என்று சொல்வார்கள். தாத்தா சேர்ப்பார், அப்பா காப்பார், பேரன் அழிப்பான் என்பதை இயற்கை விதி மாதிரியே பலரும் நம்புகிறோம். ஆனால் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தின் 1427-ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டையும் 2011-ஆம் ஆண்டு வரிக் கணக்குகளையும் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் குடும்பப் பெயர் வாரியாக ஒப்பிட்டபோது வேறொரு கதை வெளிவந்தது. அன்று பட்டியலின் மேலே இருந்த குடும்பப் பெயர்கள் ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழிந்தும் மேலேயே இருந்தன. நடுவில் போர், கொள்ளைநோய், ஆட்சி மாற்றம் எல்லாம் வந்து போயின.

இன்னொரு புள்ளிவிவரமும் அடிக்கடி காதில் விழும்: குடும்ப நிறுவனங்களில் மூன்றாம் தலைமுறையைக் கடப்பவை நூற்றுக்குப் பதிமூன்றுதான் என்று. இதன் வேர் 1987-இல் ஜான் வார்ட் என்ற பேராசிரியர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைகளை வைத்துச் செய்தது. நிறுவனம் அதே குடும்பத்தின் கையில் நீடித்ததா என்பதுதான் அங்கே கேள்வி. நல்ல விலைக்கு நிறுவனத்தை விற்றுப் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்ட குடும்பமும் அந்தக் கணக்கில் தோற்ற குடும்பம்தான். ஆகவே அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

தலைமுறை தாண்டிச் சொத்தைக் கொண்டுபோன குடும்பங்களைப் பார்த்தால், அவர்களிடம் ரகசிய முதலீடு எதுவும் இருப்பதில்லை. சொத்துக்குள் மூன்று உரிமைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: யார் பெயரில் இருக்கிறது, யார் முடிவெடுக்கிறார், யார் வருமானத்தை அனுபவிக்கிறார். சாதாரணக் குடும்பம் இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பணக்காரக் குடும்பம் மூன்றையும் தனித்தனியாக அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வைக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

முதல் படி: வகுத்தல் கணக்கைப் போடுங்கள்

சொத்து கரைவதற்குச் சூதாட்டமோ ஊதாரித்தனமோ தேவையில்லை, வகுத்தலே போதும். நூறு பங்கு சொத்துள்ள ஒரு தம்பதிக்கு மூன்று பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் மூன்று பிள்ளைகள் என்றால் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். யாரும் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும் ஆளுக்குப் பதினோரு பங்குதான் மிஞ்சும்.

ஒரு தலைமுறையை 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் பெற்றோர் இருந்த நிலையிலேயே இருக்க வேண்டுமானால், சொத்து 30 ஆண்டில் இரட்டிக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு சுமார் 2.3 சதவீத வளர்ச்சி தேவை. மூன்று பிள்ளைகள் என்றால் மும்மடங்காக வேண்டும், அதற்கு சுமார் 3.7 சதவீதம். கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஆனால் இது பணவீக்கம், வரி, கட்டணம், குடும்பச் செலவு எல்லாம் கழிந்த பிறகு மிஞ்ச வேண்டிய வளர்ச்சி.

சொத்து 10 சதவீதம் சம்பாதிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணவீக்கத்துக்கு 5 போய்விடும். வரி, கட்டணம் என்று ஒன்றரை. மீதி மூன்றரை. அதை முழுக்கக் குடும்பம் செலவழித்தால் சொத்து தேயாது, வளரவும் வளராது. அந்த நிலையில் பிள்ளைகள் மூவர் என்றால், தலைமுறைக்குத் தலைமுறை ஆளுக்கு வருவது மூன்றில் ஒன்றாகும். ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்பதன் கணக்கு வடிவம் இதுதான்.

ஒரு தாளில் உங்கள் குடும்பத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சொத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்பதற்கு ஒரு எண் கிடைக்கும். ஓய்வுக்காலச் செலவுக்கு 4 சதவீதம் என்று ஒரு விதி புழக்கத்தில் உண்டு. அது 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 30 ஆண்டுக்காலத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. பேரன் காலம் வரை நிற்க வேண்டிய பணத்துக்கு அது அதிகம். இரண்டு, இரண்டரைக்குள் நிற்பது என் கணிப்பில் பத்திரமானது.

மிச்சமுள்ள வழி, அடுத்த தலைமுறையும் சம்பாதிப்பது. மேலே உள்ள கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தவர் ‘என் பிள்ளைக்கு எதற்கு வேலை’ என்று கேட்க மாட்டார். (ஐரோப்பாவின் வங்கிக் குடும்பமான ராத்ஸ்சைல்டு குடும்பத்தார் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சொந்தத்துக்குள்ளேயே பலருக்கும் மணம் முடித்து வகுத்தலையே தவிர்த்தார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.)

இரண்டாம் படி: பட்டியல், உயில், பவர் பத்திரம்

இது சலிப்பான வேலை, ஆனால் இதைத் தாண்டாமல் அடுத்த படிகள் எதையும் செய்ய முடியாது. வங்கிக் கணக்கு, நிலம், பங்கு, காப்பீடு, கொடுத்த கடன், வாங்கிய கடன், யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து, இணையக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் பெயரில் இருக்கிறது, மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது, நாமினி யார் என்று குறியுங்கள். ஜாமீன் கையெழுத்தைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அதிர்ச்சி தருவதும் அதுதான்.

நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு என்று நினைக்காதீர்கள். நாமினி சொத்துக்கு உரிமையாளர் ஆகிறாரா, அல்லது பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டிய ஆள் மட்டும்தானா என்பது நாட்டுக்கு நாடு, சொத்துக்குச் சொத்து மாறும். உயில் எழுதுவதிலும் எல்லா இடத்திலும் முழுச் சுதந்திரம் கிடையாது. பிரான்ஸில் ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியும், இருவர் என்றால் மூன்றில் இரண்டும், மூவரோ அதற்கு மேலோ என்றால் முக்காலும் பிள்ளைகளுக்கென்று சட்டமே ஒதுக்கிவிடும். மீதியைத்தான் விருப்பப்படி எழுதலாம். நீங்கள் வாழும் நாட்டின் சட்டமும், சொத்து இருக்கும் நாட்டின் சட்டமும் வேறாக இருந்தால் இரண்டு இடத்திலும் வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் திருபாய் அம்பானி. 2002 ஜூலையில் அவர் உயில் எழுதாமலே இறந்தார். மகன்கள் இருவருக்கும் இடையே வந்த பூசல் 2005 ஜூனில் தாய் கோகிலாபென் முன்னின்று தொழில்களைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் ஒரு வடிவத்துக்கு வந்தது. எத்தனை வக்கீல்களை வேண்டுமானாலும் அமர்த்திக்கொள்ளக்கூடிய குடும்பத்துக்கே இந்த நிலை.

இதோடு சேர்த்து, நினைவு தவறினால் யார் கையெழுத்துப் போடுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். உயில் இறந்த பிறகுதான் பேசும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் இரண்டு ஆண்டுக்கு அது உதவாது. அதற்கென்று, நினைவிழந்த பின்னும் செல்லக்கூடிய அதிகாரப் பத்திரத்தைச் சில நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது, சில நாடுகளில் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். சாதாரண பவர் பத்திரம் பல இடங்களில், கொடுத்தவர் சுயநினைவை இழந்ததும் செல்லாததாகிவிடும்.

மூன்றாம் படி: மூன்று உரிமைகளையும் பிரிப்பது

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிரிப்பதற்குப் பழமையான கருவி டிரஸ்ட். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் வளர்ந்த ஏற்பாடு இது. நிலத்துக்காரர் தன் நிலத்தை நம்பகமான ஒருவர் பெயருக்கு மாற்றி, ‘இதன் பலன் என் மனைவி மக்களுக்கு’ என்று நிபந்தனை போடுவார். பெயருக்கு உரிமையாளர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். வாங்கியவர் ஏமாற்றினால் நீதிமன்றம் தலையிட்டது. இன்றைய டிரஸ்டும் இதே அமைப்புதான்: கொடுப்பவர், நிர்வகிக்கும் டிரஸ்டி, பலன் பெறும் பயனாளி.

இதனால் என்ன லாபம்? 25 வயது மகனுக்கு வருமானம் போகும், ஆனால் மூலச் சொத்தை அவனால் விற்க முடியாது. அவன் தொழிலில் நொடித்தாலும் மணமுறிவு வந்தாலும், டிரஸ்ட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து, மூலச் சொத்து தப்பிக்க வாய்ப்பு உண்டு. 1934-இல் அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் தன் பிள்ளைகளுக்காக டிரஸ்டுகளை ஏற்படுத்தினார். அவர்களுக்கு வருமானம் வந்தது, மூலச் சொத்து டிரஸ்டிகளின் பொறுப்பில் இருந்தது. அந்தக் குடும்பம் ஏழாம் தலைமுறையைத் தொட்ட பிறகும் ஒரே குடும்பமாகக் கூடிப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவனம் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் ஒரு அடி மேலே போகின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு ராபர்ட் பாஷ் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஆனால் வாக்குரிமை கிட்டத்தட்ட முழுவதும் தனியான ஒரு பொறுப்பாளர் அமைப்பிடம். லாபப் பங்கு ஓரிடம் போகிறது, முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது.

ஸ்வீடனின் வாலன்பெர்க் குடும்பம் 1856-இல் ஒரு வங்கியுடன் தொடங்கியது. 1916-இல் மற்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதற்கென்று இன்வெஸ்டார் என்ற ஹோல்டிங் கம்பெனி, 1917-இல் ஒரு அறக்கட்டளை என்று வரிசையாக அமைத்தார்கள். இன்வெஸ்டாரின் மிகப் பெரிய பங்குதாரர் இன்றும் அந்த அறக்கட்டளைதான். அதன் பணம் ஆராய்ச்சிக்குப் போகிறது, குடும்பத்தாரின் சட்டைப்பைக்குப் போவதில்லை. ஆனால் அறக்கட்டளையின் நாற்காலிகளில் குடும்பத்தார் இருக்கிறார்கள். உடைமையை விட்டுக்கொடுத்துவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்ட ஏற்பாடு. இது நியாயமா என்று கேட்டால், வரிச் சலுகையும் அதிகாரமும் ஒரே கையில் சேர்வது எனக்கும் நெருடல்தான். ஆனால் ஐந்து தலைமுறை தாண்டி வேலை செய்கிறது என்பதை மறுக்க முடியாது.

உங்கள் அளவில் இதை எப்படிச் செய்வது? ஒரு கடையும் இரண்டு வீடும் இருக்கும் குடும்பத்துக்கு அறக்கட்டளை, ஹோல்டிங் கம்பெனி எல்லாம் தேவைப்படாது. ஆனால் அதே எண்ணத்தைச் சிறிய அளவில் நடத்தலாம்.

கடையை ஒரு கம்பெனியாக்கி, பங்குகளை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுங்கள். நடத்துபவர் ஒருவர் மட்டும். அவருக்குச் சந்தையில் அந்த வேலைக்கு என்ன சம்பளமோ அதைத் தனியாகக் கொடுங்கள். லாபத்தை மூவரும் பிரித்துக்கொள்ளட்டும். உழைப்புக்குச் சம்பளம், உடைமைக்கு லாபம் என்ற இந்தக் கோடு போடாததால்தான் ‘நான் ராப்பகலாக உழைக்கிறேன், அவன் வெளிநாட்டில் உட்கார்ந்து பாதியைக் கேட்கிறான்’ என்ற சண்டை வருகிறது. வெளிநாட்டில் இருப்பவரின் புகாரும் இதேபோல் நியாயமானதுதான்: ‘கணக்கே காட்டுவதில்லை’.

விலக நினைப்பவருக்கு வாசலும் வேண்டும். பங்கை விற்க வேண்டுமானால் முதலில் உடன்பிறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும், விலையைக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆடிட்டர் நிர்ணயிப்பார், பணத்தை ஐந்து ஆண்டுத் தவணையில் கொடுக்கலாம் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எல்லோரும் பிரியமாக இருக்கும்போது எழுதினால் ஒரு மாலையில் முடியும் வேலை இது. மனம் முறிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நீதிமன்றத்தில்தான் முடியும்.

டிரஸ்ட் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரஸ்டி யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயனாளிகளில் ஒருவரையே ஒரே டிரஸ்டியாகப் போட்டால் பிரித்ததன் பயனே போயிற்று. குடும்பத்தில் ஒருவர், வெளியாள் ஒருவர், டிரஸ்டியை மாற்றும் அதிகாரம் மூன்றாமவர் ஒருவரிடம் என்று அமைப்பது நல்லது. வாங்கிய கடனிலிருந்து தப்பிக்கக் கடைசி நேரத்தில் டிரஸ்டுக்கு மாற்றினால் பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்கள் அதைச் செல்லாது என்று தள்ளிவிடும்.

நான்காம் படி: ஒரே அடியில் எல்லாம் போகாமல் பார்த்துக்கொள்வது

சொத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரே தொழிலில், துணிச்சலாகக் கடன் வாங்கித்தான். காப்பதற்கு அந்தக் குணமே எதிரி. ஜப்பானின் கோங்கோ குமி என்ற கட்டுமான நிறுவனம் 578-ஆம் ஆண்டு தொடங்கியதாகச் சொல்லப்படுவது. கோயில் கட்டுவதுதான் அவர்கள் தொழில். பதினான்கு நூற்றாண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் நின்ற அது, 1980-களின் நில விலை ஏற்றத்தில் கடன் வாங்கி மனை வணிகத்தில் இறங்கியது. விலை சரிந்தது, கடன் நின்றது. 2006-இல் வேறொரு கட்டுமான நிறுவனத்தின் கீழ் போய்ச் சேர்ந்தது.

இங்கே மூன்று வேலைகள். குடும்பம் குடியிருக்கும் வீட்டையும் காப்பு நிதியையும் எந்தத் தொழில் கடனுக்கும் அடமானம் வைக்காதீர்கள். தொழில் லாபத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு ஆண்டும் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், பல துறை, பல நாட்டுப் பங்குகள் அடங்கிய குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதி) போன்றவற்றில் போட்டு வாருங்கள். மூன்றாவது, கைக்காசு.

கைக்காசு ஏன் என்றால், வாரிசு வரி உள்ள நாடுகளில் சொத்து வருவதற்கு முன்பே பில் வந்து நிற்கும். சாம்சங் தலைவர் லீ குன் ஹீ 2020 அக்டோபரில் இறந்தபோது, தென்கொரியச் சட்டப்படி குடும்பம் கட்ட வேண்டிய வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கு (தென்கொரிய நாணயம்) மேல். ஐந்து ஆண்டுகளில் ஆறு தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்தார்கள், குடும்பத்தார் பங்குகளை அடகு வைத்தும் விற்றும் பணம் திரட்டினார்கள். வாரிசு வரி இல்லாத நாட்டிலும் மருத்துவச் செலவு, பத்திரச் செலவு, பாக்கிக் கடன் என்று முதல் ஆண்டிலேயே ரொக்கம் தேவைப்படும். நிலமாகவே வைத்திருக்கும் குடும்பம் அவசரத்தில் நல்ல மனையை மட்டமான விலைக்கு விற்கும். அந்தத் தொகைக்கு ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுத்து வைப்பது மலிவான தீர்வு.

வீடு பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க ரயில்வே அதிபர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1877-இல் இறந்தபோது விட்டுச் சென்றது ஏறத்தாழ 10 கோடி டாலர். மகன் வில்லியம் எட்டே ஆண்டுகளில் அதை இரட்டித்துவிட்டு 1885-இல் இறந்தார். அதற்கடுத்த தலைமுறை மாளிகை கட்டுவதில் போட்டி போட்டது. 1895-இல் முடிந்த 70 அறைகள் கொண்ட தி பிரேக்கர்ஸ் மாளிகையைக் குடும்பம் கடைசியில் ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு விற்றுவிட்டது. அதே ஆண்டு இன்னொரு பேரன் கட்டிய 250 அறை பில்ட்மோர், 1930-இல் நுழைவுச்சீட்டுப் போட்டுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று வரை வாரிசுகளிடமே இருக்கிறது. பராமரிப்புச் செலவைத் தானே சம்பாதிக்காத பெரிய வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுப் போவது சுமையை விட்டுப் போவதுதான்.

ஐந்தாம் படி: வாங்கிக்கொள்ளும் கையைப் பழக்குவது

ராக்ஃபெல்லர் ஜூனியர் தன் பிள்ளைகளுக்குச் சின்னக் கைச்செலவுப் பணம் கொடுத்து, ஒவ்வொரு காசுக்கும் நோட்டில் கணக்கு எழுதச் சொன்னார். அவருடைய அப்பாவும் இளம் வயதில் அப்படித்தான் எழுதினார். இதைக் கஞ்சத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியாதவருக்கு டிரஸ்ட் எழுதிக் கொடுத்தால் டிரஸ்டிதான் பணக்காரர் ஆவார்.

வயதுக்கேற்ற ஏற்பாடு ஒன்று சொல்கிறேன். பதின்ம வயதில் வீட்டின் மாதச் செலவு எவ்வளவு என்று தெரியட்டும். கல்லூரி முடிந்ததும் வேறொருவரிடம் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகுதான் சொந்தத் தொழிலில் நாற்காலி. இடையில் சொத்தில் ஒரு சிறு பகுதியை, தொலைந்தாலும் குடும்பம் ஆடாத அளவுக்கு, அவர்களே முதலீடு செய்ய விடுங்கள். நட்டம் 25 வயதில் வந்தால் மலிவு.

நடத்தும் திறமை பிள்ளைகளிடம் இல்லாவிட்டால் வெளியே தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானில் திறமையான மருமகனையே தத்தெடுத்துத் தொழிலை ஒப்படைப்பது பழைய வழக்கம். ஒசாமு சுசுகி அப்படி வந்தவர். நிறுவனரின் பேத்தியை மணந்து, குடும்பப் பெயரையும் ஏற்று, 1978-இல் சுசுகி மோட்டாரின் தலைவரானார், பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். இதற்கு நேரெதிர் மேயர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்டு. 1812-இல் எழுதிய உயிலில் மகள்களையும் மருமகன்களையும் தொழிலிலிருந்து ஒதுக்கி, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் விடவில்லை. பாதிக் குடும்பத்தின் அறிவைத் தள்ளிவைத்த விதி அது. வங்கி எத்தனை பெரிதாக வளர்ந்திருந்தாலும் அதைப் பின்பற்றத் தகுந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை குடும்பக் கூட்டம் நடத்துங்கள். கணக்கு வாசிக்கப்பட வேண்டும், கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை வேண்டும், முடிவுகள் எழுதப்பட வேண்டும். 1668-இல் ஒரு மருந்துக் கடையிலிருந்து தொடங்கிய ஜெர்மனியின் மெர்க் குடும்பம் இன்றும் நிறுவனத்தில் சுமார் 70 சதவீதத்தை வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான உறவினர்கள் நேரடியாகத் தலையிடுவதில்லை, குடும்பக் குழுவைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாகப் பேசுகிறார்கள். அண்ணன் தம்பி பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டின் டாஸ்லர் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஒரே செருப்புத் தொழிற்சாலையாக இருந்தது 1940-களின் கடைசியில் உடைந்து, ஒரே ஊரில் பூமா ஒன்றாகவும் அடிடாஸ் ஒன்றாகவும் ஆனது. இருவரும் வென்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு அதிர்ஷ்டம் எல்லாச் சண்டைக்கும் வாய்க்காது.

உயிலில் என்ன இருக்கிறது என்பதை உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுவதா என்று பலர் தயங்குவார்கள். தொகையைச் சொல்ல வேண்டாம், காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குக் குறைவாக எழுதியிருந்தால் அது ஏன் என்று அவர் உங்கள் வாயால் கேட்கட்டும். இறந்த பிறகு வக்கீல் வாசிக்கும்போது கேட்டால், அந்தக் கோபம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உடன்பிறப்பின் மேல்தான் பாயும்.

ஆலோசகர்களும் கட்டணமும்

பெரும் பணக்காரர்கள் தங்களுக்கென்றே ஃபேமிலி ஆபீஸ் வைத்திருப்பார்கள். முதலீடு, வரி, சட்டம் எல்லாவற்றுக்கும் சம்பளத்துக்கு ஆள் இருக்கும். உங்களுக்கு அது வேண்டாம். ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர், விற்பனைக் கமிஷன் வாங்காமல் கட்டணத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு நிதி ஆலோசகர் போதும். மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒரு சதவீதக் கட்டணம்தானே என்று அலட்சியப்படுத்தாதீர்கள். 7 சதவீதத்தில் 30 ஆண்டு வளர்ந்தால் பணம் ஏழரை மடங்குக்குச் சற்று மேலே ஆகும், 6 சதவீதத்தில் ஐந்தேமுக்கால் மடங்குதான். அந்த ஒரு சதவீதம் கடைசித் தொகையில் கால்வாசியைத் தின்றுவிடுகிறது.

வரியை மட்டும் வைத்து அமைப்பை உருவாக்காதீர்கள். சட்டம் மாறும். ஸ்வீடனில் பல பத்தாண்டுகள் இருந்த வாரிசு வரி 2004-இன் முடிவில் ஒழிக்கப்பட்டது, வேறு நாடுகளில் புதிதாக வரலாம் என்ற பேச்சு எப்போதும் உண்டு. வரி இல்லாவிட்டாலும் இந்த ஏற்பாடு தேவைதானா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதைச் செய்ய வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு: இந்த மாதம் பட்டியலும் காப்பீடும், அடுத்த மூன்று மாதத்துக்குள் உயிலும் பவர் பத்திரமும், ஆண்டு முடிவதற்குள் பங்குதாரர் ஒப்பந்தமும் முதல் குடும்பக் கூட்டமும். டிரஸ்ட் தேவையா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். எழுதியதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். திருமணம், பிறப்பு, இறப்பு, மணமுறிவு, வேறு நாட்டுக்குக் குடிபெயர்தல், பெரிய சொத்து விற்றது வாங்கியது என்று எது நடந்தாலும் அந்த மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம், அந்த மாதமே மாற்றி எழுதுங்கள். பழைய உயிலை ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரியைப் புதியதில் சேர்க்க மறக்காதீர்கள்.